நிலாவை வரையாத ஞானதாஸ்

ஆரியங்கோட்டில் ஒரு பேக்கரிக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தபோது ஷைனியின் போன் வந்தது. ஞானதாஸின் மகள். எடுக்கத் தயங்கினேன். முந்தின வாரம் அவள் கூப்பிட்டு, அப்பா ஆஸ்பத்திரியில் உங்களைத் தேடுகிறார் என்றபோது, "நாளைக்கு வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுப் போகாமலிருந்தவன் நான். இந்த முறை அவள் என்னை வரச்சொல்லவில்லை. "அப்பா போயிட்டாரு மாமா" என்றாள். ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உதியன்குளங்கரையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கடை உங்கள் எல்லாருக்கும் தெரியும். போர்டு எழுதுவது என் பாடு, நாடகத்திரை வரைவது அவன் பாடு. இரவுக்காட்சி என்றால் அவனுக்குக் குஷி வந்துவிடும். கறுப்பு டப்பாவைத் திறக்கவே மாட்டான். பச்சையில் காவியைக் கலந்து கலந்தே இருட்டை உண்டாக்குவான். காலண்டர் நிலாவைக் கண்டால் போதும், முழுக்க நீலத்தை அடித்து நடுவில் ஒரு தோசையை ஒட்டினால் இரவாகிவிடுமா என்று சண்டைக்கு நிற்பான். பழைய எண்ணெய் ஓவியங்களில் ஒரு கன்னத்தில் விளக்கொளியும் மறுகன்னத்தில் நிலவொளியுமாக நிற்கும் பெண்கள் மட்டும் அவனுக்குப் பிடிக்கும்.

அவன் திரைகளில் நிலா இருக்காது. ஓட்டுக்கூரையில், மரச்சீனிக் கிழங்குச் செடியின் இலையில், கிணற்றுச் சுவரில் வெளிச்சம் மட்டும் விழுந்திருக்கும். "நெலாவ வரையண்டாம் மக்கா. வெளிச்சத்த ஒழுங்கா வச்சா, அது எங்க நிக்குதுண்ணு பாக்குறவனுக்குத் தெரியும்" என்பான்.

போன வருடம் எங்கள் வாசகசாலை ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆற்றங்கரை இரவு ஒன்றை வரைந்தான். முடித்த கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டான். திரையைப் பார்த்த செயலாளருக்கு நிலா இல்லாதது பொறுக்கவில்லை. ஞானதாஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன். சோற்றுத்தட்டை வைத்துக் கோடு போட்டு, வலது மூலையில் வெள்ளை எனாமலில் முழுநிலா ஒன்றை நானே வரைந்தேன். ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள் கைதட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விழாவன்று மதியம் அவன் மேடைக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டதும், பெயின்ட் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் திரும்பியபோது திரைக்குப் பக்கத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "இப்போ எல்லாம் சரியாயிட்டு மக்கா" என்றான். குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. கடைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். அவன் படுக்கையில் விழுந்தபோதும் போகவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அந்தத் திரையையே கட்டலாம் என்றார்கள். காலை வெயிலில் முற்றத்தில் நான்தான் விரித்தேன். திரையில் தென்னைகளின் நிழல் எல்லாம் இடப்பக்கம் விழுந்திருந்தது. அவன் முதலில் வரைந்தபோது வெளிச்சம் இடமிருந்து வந்தது, நிழல்கள் வலப்பக்கம் கிடந்தன. குனிந்து பார்த்தேன். புதுப் பெயின்டுக்கு அடியில் அந்தப் பழைய நிழல்கள் மங்கலாகத் தெரிந்தன. கிணற்றுச் சுவரையும் கூரையையும்கூட அவன் விடவில்லை. நான் யோசிக்காமல் கண்ட இடத்தில் வைத்த நிலாவுக்கு ஏற்றபடி, காய்ச்சலோடு வந்து ஒவ்வொரு நிழலையும் திருப்பி வைத்திருக்கிறான். சரியாகிவிட்டது என்று அவன் சொன்னது இதைத்தான்.

கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் ஞானதாஸின் நிலாவைப் புகழ்ந்தார்கள். நான் முன்வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதனால் இங்கே எழுதிச் சொல்கிறேன், அந்த நிலா என்னுடையது.

திரையை என்னிடமே தந்துவிட்டார்கள். நிலாவைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று கத்தியோடுதான் உட்கார்ந்தேன். எடுத்தால் அவன் கடைசியாக வரைந்த நிழல்கள் எல்லாம் தப்பாகிவிடும். அப்படியே சுருட்டி வைத்திருக்கிறேன்.