வெள்ளைக்காரம்மா என்ன ஆனாள்

அந்தத் தொடரைப் பாதியில் விட்டு எழுந்துபோனது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். இங்கிலாந்தில் எடுத்தது. சின்ன வயதில் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பல வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒருத்தி, ஒரு நாள் போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் நான் எழுந்து அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

என் மகள் முழுவதும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனில் படித்துக் காட்டினாள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்று ஒருவர். இவ்வளவு இருட்டு எதற்கு, நடுவில் ஒரு சிரிப்பாவது வைத்திருக்கலாம் என்று ஒருவர். அவள் வாயைத் திறந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன் என்று நிறையப் பேர். என் மகளும் அந்தக் கட்சிதான். கல்லூரியில் இரண்டாம் வருடம். சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையோடுதான் அவள் தினமும் வெளியே போய்வருகிறாள்.

"நீ ஏம்மா எந்திரிச்சுப் போன?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். அவளிடம் சொல்லத் தைரியம் வராததால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதில் கிடைத்தது இலங்கை ஒளிபரப்பு. மாடியில் தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தால் படம் வரும். காற்றடித்தால் போய்விடும். சித்தப்பா மாடியேறிக் குழாயைத் திருப்பியபடி "தெரியுதா?" என்று கத்துவார். கீழேயிருந்து நாங்கள் "இன்னுங் கொஞ்சம்" என்று கத்துவோம். சித்தப்பா, அப்பாவின் தம்பி, பி.ஏ. படித்தவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ஒரு வாரத்துக்குள் அவர் வேட்டியின் கரை அதற்குத் தகுந்தபடி மாறிவிடும். நிலம் மட்டும் யார் ஆண்டாலும் எங்களிடமே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆங்கிலத் தொடர் வரும். கூடத்தில் பாயிலும் நாற்காலியிலும் நாங்கள் உட்கார்ந்திருப்போம். எங்கள் வயலில் வேலை செய்பவர்கள் கொல்லைப்புறம் வந்து ஜன்னல்களுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அவர்களுக்காக ஜன்னலைத் திறந்துவிடுவதை அம்மா பெரிய தர்மமாக நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

ஆங்கிலத்தைச் சித்தப்பாதான் தமிழில் சொல்வார். அதில் பாதி அவரே கட்டியது. துப்பாக்கியோடு ஒருவன் கத்திக்கொண்டு ஓடிவந்தால், "வயத்தக் கலக்குது, வழி விடுங்கடாங்கறான்" என்பார். கூடமும் சிரிக்கும், ஜன்னலும் சிரிக்கும்.

ஜன்னலில் தவறாமல் நிற்பவர்களில் ஒருவர் எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தவர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்; எங்கள் வீட்டுக் குழந்தைகள் அவர்களை அப்படித்தான் கூப்பிடும். இப்போது அக்கா என்று எழுதுகிறேன். எழுதுவதற்கு என்ன செலவு.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அறுவடைக் கூலியில் தகராறு வந்திருந்தது. கூலிக்காரர்கள் சங்கம் வைத்து, கலத்துக்கு அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டார்கள். முடியாதென்று எங்கள் வீட்டில் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்த அந்த வாரத்தில் அவர்கள் தெருவில் தீப்பிடித்து ஏழு குடிசைகள் எரிந்தன. அக்காவின் மகன் உள்ளேயே போய்விட்டான். என்னைவிட ஒரு வயது சின்னவன். அக்கா அடுப்பை அணைக்காமல் தூங்கியதால் வந்த தீ என்று வீட்டில் சொன்னார்கள். "தெருவையே கொளுத்தினவளுக்கு வேல குடுத்து வச்சிருக்காரு உங்கப்பா. வேற யாரு குடுப்பா?" என்று அம்மா சொல்வாள். அப்பாவை நினைத்து எனக்கும் நெஞ்சு நிறையும்.

அந்த வருடம் வந்த தொடரில் சித்தப்பாவின் வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். வேலைநிறுத்தம். ஒரு வீடு எரிந்து குழந்தைகள் சாக, தாய்க்காரி பேச்சையே நிறுத்திவிடுகிறாள். வாரக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஒரு பாட்டாச்சும் போட மாட்டேங்கறானே, எழவு வீடு மாதிரி இருக்கு" என்று அத்தை சலித்துக்கொண்டாள். அப்பா பேப்பரைப் பிரித்துக்கொள்வார். ஆனால் ஜன்னலில் கூட்டம் வாராவாரம் கூடியது. "இதுல என்னத்தப் புரிஞ்சுகிட்டு நிக்கிதுங்க?" என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை போலீஸ்காரர் எதிரே உட்கார்ந்து ஏதோ கேட்க, அவள் முதல்முறையாகப் பேசினாள். மூன்றே வாக்கியம்.

"என்னா சொல்லுது சின்னய்யா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அக்காவுடையது. அதுவரை அவர் ஒன்றும் கேட்டதில்லை.

சித்தப்பா திரும்பாமலே சொன்னார். "அடுப்ப அணைக்காம தூங்கிட்டேன். எல்லாம் என் தப்புதாங்கறா."

நான் கும்பகோணத்தில் கான்வென்டில் படித்தேன். மூன்று வாக்கியமும் எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்தன. எல்லாரும் இருக்கும்போது சித்தப்பாவைத் திருத்த இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. எழுந்து நின்றேன்.

"தப்பு சித்தப்பா. வெளியில தாப்பாப் போட்டாங்க. நான் பாத்தேன். அவங்க பேரு எனக்குத் தெரியும். அப்படின்னுதான் சொன்னா."

யாராவது சிரிப்பார்கள், மெச்சுவார்கள் என்று பார்த்தேன். அத்தை பாய்க்கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் குழந்தைகள்கூட அசையவில்லை.

"பாப்பா, இன்னொருக்கா சொல்லு" என்றார் அக்கா.

பேச்சுப்போட்டியில் நிற்பதுபோல் நிமிர்ந்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"வோல்டேஜ் சரியில்ல, அணை" என்றார் அப்பா. விளக்கு எப்போதும்போலத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து நான் கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா கேட்டார். "அந்த வெள்ளக்காரம்மா சொல்லிப்புடுச்சே, அப்பறம் அத என்னா பண்ணுவாங்க?"

"சனிக்கிழமதான் தெரியும்."

"திங்கக்கெழம எனக்குக் கோர்ட்டு இருக்கு பாப்பா. நெருப்பு விசயமா. பாத்தத சொல்லுங்கறாங்க சங்கத்துல." சாணி அள்ளிய கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டு, தூணுக்கும் தூணுக்கும் கட்டியிருந்த தூளியை ஒரு ஆட்டு ஆட்டினார். உள்ளே அவருடைய பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அதுக்குள்ள அந்தம்மா கதி தெரிஞ்சுட்டா நல்லாருக்கும்."

ஒரு கதையின் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. சாப்பிடும்போது சித்தப்பாவிடம் அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார். யாரிடம் கேட்டாள், எத்தனை தரம் கேட்டாள் என்று விசாரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை படம் வரவில்லை. திரை முழுக்கப் புள்ளி. சித்தப்பா மாடியில் நின்று "தெரியுதா?" என்றார். "இல்ல" என்று கத்திக் கத்தி எங்கள் தொண்டை கட்டிவிட்டது. கொல்லைக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். ஆன்டெனா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திருக்காட்டுப்பள்ளியைப் பார்த்து நின்றது. சொன்னேன். "காத்து திருப்பிடுச்சு" என்றார். வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. பி.ஏ. படித்தவருக்குத் திசை தெரியவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். கூட்டாளி வீட்டில் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டாராம். "பொய் சொல்றான்னு சொல்லி அவளப் புடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க. போய்ச் சொல்லு, பாவம் காத்துட்டு இருப்பா. நான் சொன்னேன்னு சொல்லாத, நீ பாத்ததாச் சொல்லு. ஒன் இங்கிலீஷுக்குத்தான் இப்ப மரியாத" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகைக்கு ஓடினேன். அக்கா பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்றேன். அவர் பெரிதாக ஒன்றும் அசைந்துகொடுக்கவில்லை. "போடட்டும்" என்றார். வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

நன்றாகச் சொல்லவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. அதனால் அடுத்ததை நானே சேர்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அவளுக்கு இன்னொரு பொண்ணு இருந்திச்சுல்ல? அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னே தெரியல."

வாளி கீழே வந்தது.

"பொண்ணையுமா?"

"ஆமா. அவ கத்துறா, குடுக்க மாட்டேங்கறாங்க."

அக்கா தூளிப் பக்கம் போய் நின்றார். என் கதை எடுபட்டுவிட்டது என்ற சந்தோஷத்தோடு நான் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். எத்தனை இட்லி என்பதுகூட நினைவிருக்கிறது. நான்கு.

சித்தப்பா இறந்தபிறகு அவருடைய பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய தாள் கிடைத்தது. மேலே, அடுப்பை அணைக்காமல் தூங்கிவிட்டேன், எல்லாம் என் தவறுதான் என்று நீளமாக ஒரு வாக்குமூலம். அடியில் கைநாட்டு. தீப்பட்ட விரல், ரேகையே விழவில்லை, மையாக ஒரு திட்டு. எழுத்து சித்தப்பாவுடையது. என் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு வருடா வருடம் பெயர் எழுதிக்கொடுத்த அதே அழகான எழுத்து. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் திரையைப் பார்த்து அவர் மொழிபெயர்க்கவில்லை. தான் எழுதியதை ஒப்பித்தார்.

அந்தச் சுரங்க ஊர்க்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவாள். நான் கேட்கவில்லை. அவள் பிழைத்திருந்தால் அதை நான் எப்படித் தாங்குவேன்?

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கொல்லை வழியாக வந்தேன். படலுக்கு வெளியே சங்கத்து ஆள் ஒருவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தை தூளியில் இல்லை. இடுப்பில் சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அக்கா, வாங்க. பஸ்ஸு போயிடும்."

அவர் நிமிரவில்லை.

"வக்கீல் காத்துகிட்டு இருக்காரு. நீங்க ஒருத்தங்கதான் பாத்தவங்க. இன்னைக்கி விட்டா அவ்வளவுதாங்க்கா."

"நான் ஒண்ணும் பாக்கல தம்பி" என்றார் அக்கா. விளக்குமாறு நிற்கவில்லை. "அடுப்ப அணைக்காம தூங்கிட்டேன். எல்லாம் என் தப்புதான்."

புத்தகப்பையோடு நான் நின்றுவிட்டேன். அது சித்தப்பா தப்பாகச் சொன்ன வசனம். சரியானதை நான் எழுந்து நின்று இரண்டு தடவை சொல்லியும், இவருக்குத் தப்பானதுதான் மனதில் நின்றிருக்கிறது. எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. சாயங்காலம் வந்து இன்னொரு தரம் நிதானமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.