இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

வீடு வாங்குகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. கொச்சியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். கட்டுமானக் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள்; நாங்கள் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் பேசி, சந்தை இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிக்கை கொடுப்போம். மலைப்பகுதி வீடுகளைப் பற்றி நான் எழுதிய அறிக்கையின் சாரம் ஒன்றுதான்: எல்லோருக்கும் தனிமை வேண்டும். பக்கத்து வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு விலை ஏறும். மேலதிகாரி பாராட்டினார். நானும் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

அந்த மிதப்பிலேயே அம்மா அப்பாவுக்கு வீடு பார்க்கக் கிளம்பினேன். இருவரும் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளைத்தான் லயம் என்போம். அடுத்த மழைக்காலத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

வாங்கினால் சக்குபள்ளத்தில்தான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அங்கே ஏலத்தோட்டத்தில் அவ்வப்போது வேலை கிடைக்கும், கம்பத்துக்கு இறங்கவும் பக்கம். பட்டயம், அதாவது நிலப் பட்டா, சுத்தமாக உள்ள இடம் அமைவதே பெரும்பாடு. அலைந்து திரிந்து ஒரு வீட்டைப் பிடித்தேன். சுற்றிலும் ஏலச்செடி, வாசல் வரை ஜீப் போகும். அப்பா, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருப்பதைப் பார்த்ததும், இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் உள்ளே போய் ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துப் பார்த்தாள்.

“இந்தச் செவத்துக்கு அங்கிட்டு யாரு இருக்கா?” என்று கேட்டாள்.

புரோக்கருக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு பக்கமும் ஏலக்காடுதான், ஈ காக்காய் தொந்தரவு கிடையாது என்றார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

அடுத்த வீட்டிலும் இதே கேள்வி. அதற்கடுத்த வீட்டில் புரோக்கர் உஷாராகி, அந்தப் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவம் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். மாடு என்ன பதிலா பேசும் என்று அம்மா அதையும் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் பூப்பாறை தாண்டும் வரை நானும் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். அப்பா மட்டும் அந்தக் கழிப்பறையைப் பற்றி ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விஷயம் வேறொன்றுமில்லை, பக்கத்து வீட்டு அத்தைதான். இரத்தச் சொந்தம் இல்லை. லயத்தில் எங்கள் சுவருக்கு மறுபுறம் குடியிருந்தவள். நான் பிறக்கும் முன்பே அம்மாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து கிள்ளியவர்கள். மாமா இறந்துவிட்டார். அவர்களுக்கு ஒரே மகன். என்னைவிட இளையவன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அத்தையும் ஓய்வு பெற்றிருந்ததால், அவளைத் தன்னோடு மாடிக் குடித்தனத்துக்கு அழைத்துப்போக அவன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தான்.

லயத்தை நான் புகழப் போவதில்லை. மழை பெய்தால் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்க வேண்டும், கழிப்பறைக்குப் போகக் குடை எடுக்க வேண்டும். அங்கிருந்து கிளம்ப அம்மாவுக்கும் கொள்ளை ஆசைதான். அத்தையை விட்டுக் கிளம்பத்தான் மனசில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, பாவம், சுவர் சுவராகத் தடவிக்கொண்டிருந்தாள். புரிந்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? சக்குபள்ளத்தில் அகலமான ஒரு காலி மனை இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு குடும்பமும் வாங்குவது, எல்லைக்கோட்டிலேயே பொதுச்சுவர் எழுப்பி இரண்டு வீடுகளையும் ஒட்டிக் கட்டுவது என்று யோசனை சொன்னேன். பஞ்சாயத்தில் விசாரித்தேன். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் அனுமதி தரலாம் என்றார்கள். அம்மா அன்றைக்கு என் தட்டில் வழக்கத்தைவிட ஒரு மீன் துண்டு அதிகமாக வைத்தாள்.

அத்தை மகன் மட்டும் மசியவில்லை. இதைப் பேசவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். ஒட்டுச்சுவர் வீட்டை நாளைக்கு விற்கப் போனால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றான். தான் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை, கொச்சியில் பெரிய கம்பெனி ஆராய்ச்சி செய்து சொன்னது என்று போனை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். நான் எழுதிய அறிக்கை. என் பெயர் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, பெரிதாக்கிக் காட்டிவிட்டேன். அவன் விழித்த விழியைப் பார்த்து அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப இதுல எழுதியிருக்கிறது பொய்யாக்கா?”

“பொய்யில்லடா. இதுல அத்தை இல்ல, அவ்வளவுதான்.”

அவன் தன் அம்மாவின் பக்கம் திரும்பினான். அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

“விக்கிறதெல்லாம் எனக்குப் பொறவு பாத்துக்கய்யா. திருப்பூர்ல நீ என்னை நல்லாத்தான் வச்சுக்கிடுவே. ஆனா விடியக்காலம் மதினி சட்டியை உருட்டுற சத்தம் கேக்காட்டி எனக்கு விடியாது.”

அவன் போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுமாதம் சிமெண்ட் இறக்க லீவு போட்டுவிட்டு வந்து நின்றவனும் அவன்தான்.

மழைக்கு முன்பே இரண்டு வீடும் எழும்பிவிட்டன. பொதுச்சுவரை ஒட்டி இந்தப் பக்கம் எங்கள் அடுக்களை, அந்தப் பக்கம் அத்தையின் அடுக்களை. ஒரே நேரத்தில் இரண்டிலும் பால் காய்ச்சினோம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும், சாயங்காலக் காப்பிக்கு அம்மா அடுப்பைப் பற்றவைத்துச் சிறு தீயில் பாலை ஏற்றினாள். சாதாரணக் குரலில், “மதினி, காப்பி போடவா?” என்றாள்.

பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். அப்போதும் இல்லை. கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போனால், அங்கே அத்தை அதைவிடக் கோபமாக வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன், புது வீடு வந்ததும் காது கேட்கவில்லையா என்று அவளும் கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே உள்ள இடைவெளி வழியாகத்தான் ஆயுசு முழுக்க இருவரும் பேசியிருக்கிறார்கள். இங்கே சுவர் கான்கிரீட் வரை போய், இரண்டு பக்கமும் பூச்சு வாங்கி, கல்லாக நிற்கிறது. ஒரு பொட்டுச் சத்தம் கடக்காது என்று கொத்தனார் காலையில்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வரைபடம் போடும்போது சுவரைப் பற்றி அத்தனை பேசிய நான் இதை யோசிக்கவே இல்லை.

அம்மா உள்ளே வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இதுக்கு அந்த ஏலக்காட்டு வீட்டையே வாங்கியிருக்கலாம்” என்றாள்.

அப்போது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிற ஓசை கேட்டது. அத்தை மகன் கொத்தனாரின் உளியையும் சுத்தியலையும் கேட்டு வாங்கியிருக்கிறான். பால் காய்ச்சிய அன்றைக்கே சுவரை உடைக்கலாமா என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு புலம்புவது வாசல் வழியாகக் கேட்டது. பூச்சு உதிர்ந்தது. ஒரு கல் எங்கள் பக்கம் விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. தட்டு நுழையும் அளவுக்கு வழி பிறந்ததும் புழுதிக்கு நடுவே அத்தையின் முகம் தெரிந்தது.

“மதினி, அடுப்பைப் பாருங்க, பாலு பொங்குது.”

பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டைக்குள் கையை விட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக நின்றாள்.

அத்தை மகன் தலையில் இருந்த சிமெண்ட் தூளைத் தட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தான். சுவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

“இனிமே இந்த வீட்டை ஒருத்தனும் வாங்க மாட்டான்க்கா” என்றான், அவ்வளவு நிம்மதியாக.