சாலோமி டீச்சர் பார்த்த ஆட்டம்

மகள் இந்தியாவுக்காக வாலிபால் ஆடுகிறாள். ஆனால் அவள் ஆடி சாலோமி பார்த்து ஆறு வருடம் ஆகிறது. மற்ற எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தெருவில் மீன் கொண்டுவருகிறவர் பார்த்திருக்கிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பார்த்திருக்கிறார். பத்தமடைப் பள்ளிக்கூடத்தில் சாலோமியிடம் கணக்குப் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட போனில் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், ஜெமிமா அக்கா என்னமா தூக்கிக் குடுக்காங்க!" என்று சொல்வார்கள். சாலோமி சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளைத் தடுத்தது யார் என்று கேட்டால் யாரையும் கைகாட்ட முடியாது. ஜெமிமாவுக்குப் பதினொரு வயது இருக்கும்போது பாளையங்கோட்டை மைதானத்தில் ஒரு மாவட்ட ஆட்டம். சாலோமி சாப்பாட்டுத் தூக்குவாளியோடு கேட்டுக்குள் நுழைகிறாள். அந்த நேரம் பார்த்து ஜெமிமா துள்ளி இறங்கினது இன்னொரு பிள்ளையின் கால்மேல். கணுக்கால் வீங்கி ஒரு மாதம் படுக்கை. அடுத்தது ஸ்ரீவைகுண்டத்தில். ஜெயிக்கிற ஆட்டம் என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்க, சாலோமி வந்து உட்கார்ந்த பிறகு கைவிட்டுப் போனது. மூன்றாவது, சென்னையில் மாநிலத் தேர்வு. அன்றைக்குச் சாலோமிக்குப் பரீட்சை வேலை, போகமுடியவில்லை. ஜெமிமா தேர்வாகிவிட்டாள்.

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லவும் முடியாது. ராசி என்கிற வார்த்தை அந்த வீட்டில் புழங்காது. கடையில் கொடுக்கிற காலண்டரில் ராகுகாலம் அச்சிட்டிருந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிற கிறிஸ்தவக் குடும்பம். சாலோமியின் கணவன் எஸ்றா, வாழைத்தார் ஏற்றுகிற லாரிக்குக்கூட நல்ல நேரம் பார்க்காதவன். அவனுடைய அண்ணன் வேதநாயகம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பக்கத்து வீடு. அவர்தான் அதற்கு ஒரு நல்ல பெயர் கண்டுபிடித்தார்.

"எல்லாரும் ஆட்டத்தப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி? ஜெபத்துல தாங்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா. தாயைவிட யாரு இருக்கா?"

அன்றிலிருந்து ஜெமிமா ஆடும்போதெல்லாம் சாலோமி உள்ளறையில் முழங்காலில் நின்றாள். கூடத்தில் டிவி, கூச்சல், முறுக்கு. உள்ளே அவள். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவுப் பாடம் நடத்துகிறவள், ஒரு நாணயத்தை முந்தி எத்தனை தடவை சுண்டினோம் என்பது நாணயத்துக்குத் தெரியாது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள்தான். இருந்தாலும் மகளின் கணுக்கால் விஷயத்தில் அவளுக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை.

இந்த வருடம் தாய்லாந்தில், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான சர்வதேச வாலிபால் போட்டி. பல நாட்டு அணிகள் வந்திருந்தன. ஜெமிமாதான் இந்தியாவின் லிப்டர். அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆள். அடுத்த மாதம் அவளுக்கு வயது தாண்டுகிறது, இந்த அணியில் இதுதான் கடைசி. கால் இறுதியில் கஜகஸ்தான். சனிக்கிழமை, நம் நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணி.

இரண்டரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. சாலோமியின் போனை டிவியோடு இணைத்து வைத்திருந்தான் எஸ்றா. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள்.

"நேரமாச்சும்மா சாலோமி. நீ உள்ள போயி ஆரம்பிச்சிரு" என்றார் வேதநாயகம்.

"இன்னைக்கு ஒரு நாளு நானும் இங்கன இருக்கேனே அத்தான். கண்ணத் தொறந்துக்கிட்டு ஜெபம் பண்ணுனா கேக்காதா?"

முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றது.

"ஏட்டி, கால் இறுதி" என்றான் எஸ்றா தணிந்த குரலில். "இன்னைக்குப் போயி ஏன் புதுசா ஒண்ண ஆரம்பிக்க?"

"ராசி பாக்கீங்களோ?"

"யாரு சொன்னா? ராசியாவது மண்ணாவது!" வேதநாயகம் பதறிப்போனார். "தாய் ஜெபம்மா அது. அதுக்குள்ள பெலனே வேற."

சாலோமி உள்ளே போனாள்.

ஆறு வருடப் பழக்கத்தில் கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். "ஏ...ய்" என்று நீண்டால் நம் புள்ளி. "ச்சை" என்று வெட்டினால் அவர்கள் புள்ளி. யாரும் ஒன்றும் பேசாமலிருந்தால் மகள் சர்வீஸ் போடப் போகிறாள். முதல் செட் நமக்கு. இரண்டாவது அவர்களுக்கு. ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. மகளின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். வந்தது தூங்குகிற முகமும் சாப்பிடுகிற முகமும்தான். ஆடுகிற முகம் அவளிடம் இல்லை.

எழுந்து கதவைத் திறந்தாள்.

"நான் கோவிலுக்குப் போயி முழங்கால்ல நிக்கேன்."

எஸ்றா முகம் தெளிந்தது. "அதான் நல்லது. பைய போ, வெயிலு கெடக்கு."

சர்ச்சுக்கென்றுதான் கிளம்பினாள். தெற்கு பஜார் திருப்பத்தில் சேக் முகம்மதுவின் செல்போன் ரிப்பேர் கடை. அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தவள், திரும்பி வந்தாள்.

"வாங்க டீச்சர். போனு மறுபடி விழுந்துட்டா?"

"போனு வீட்டுல இருக்கு. உங்ககிட்ட வாலிபால் வருமா? பொம்பளப் பிள்ளைய ஆடுதது."

"வருமாவா? காலேஜ் டீம்ல அட்டாக்கர் டீச்சர் நான். மூணாவது செட்டு ஓடுது, இப்பதான் இந்தம்மா போனக் கழட்டதுக்காவ மூடி வச்சேன்." மூலை விரிசல்விட்ட ஒரு டேப்லெட்டைத் திருப்பி வைத்தான்.

போனைக் கழற்றக் கொடுத்திருந்த அம்மாளின் பெயர் ஹமீது பீவி. மேலப்பாளையம். சார்ஜ் ஏறவில்லை என்று வந்து ஒரு மணி நேரமாக ஸ்டூலில் இருக்கிறாள். இடது பக்கம் நகர்ந்து பாதி ஸ்டூலை சாலோமிக்குக் கொடுத்தாள்.

சாலோமி திரையைப் பார்த்தாள். நீலச் சட்டைகள் ஓடின, குவிந்தன, பிரிந்தன. மகளைக் காணவில்லை. அவள் தேடியது அமைதியான ஒரு பிள்ளையை. வீட்டுக்கு வந்தால் நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற, சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கேயோ பார்க்கிற பிள்ளையை. அப்படி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இல்லை.

"ஏ சேக்கு, அந்தக் கட்டப் பிள்ள யாருலே?" என்றாள் ஹமீது பீவி. "எல்லாத்தையும் வெரட்டிக்கிட்டே இருக்கா. அங்கன போ, இங்கன போன்னு வாய் ஓய மாட்டேங்கு. அம்மைய வீட்டுல என்ன பாடு படுத்துதாளோ."

"லிப்டர் அப்படித்தான் பெரியம்மா இருக்கணும்."

சாலோமி குனிந்து பார்த்தாள். அது ஜெமிமாதான். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். அந்தப் பிள்ளையும் சொன்ன இடத்தில் நின்றது. பந்து வந்தது. ஜெமிமா அதன் கீழே போய் நின்ற விதம், பந்துதான் அவளைத் தேடி வந்தமாதிரி இருந்தது. முன்பக்கம் தருவதுபோல் முகத்தைக் காட்டிவிட்டு, தலைக்குப் பின்னால் தூக்கினாள். கஜகஸ்தான் பிள்ளைகள் மூன்று பேர் தப்பான இடத்தில் துள்ளினார்கள். பின்னால் நின்றவள் அடித்த பந்து காலியான மூலையில் விழுந்தது. ஜெமிமா வாயைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சாலோமி பார்த்ததே இல்லை.

"எம் பொண்ணு" என்றாள்.

"எது?"

"அந்த... வாய் ஓயாத பிள்ள."

ஹமீது பீவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முழு ஸ்டூலையும் கொடுத்துவிட்டு எழுந்தாள். "முதல்லயே சொல்லப்படாதா? நான் பாட்டுக்குப் பேசிட்டேன். ஏலே சேக்கு, டீ சொல்லு. இந்தியா டீமுக்கு அம்ம வந்திருக்கா."

மூன்றாவது செட் நமக்கு. நான்காவது அவர்களுக்கு. சாலோமிக்கு டீ வந்தது தெரியாது, ஆறிப்போனதும் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் மகள் உள்ளங்கைகளைத் தொடையில் துடைப்பதைப் பார்த்தாள். சொதப்பினவளிடம் முதலில் ஓடிப்போவது அவள்தான் என்பதைப் பார்த்தாள். நடுவர் பார்க்காதபோது மூக்கைச் சுளிப்பதைப் பார்த்தாள். ஒரு பிள்ளை இவ்வளவு வளர்ந்திருக்கிறாள், கதவுக்கு அந்தப் பக்கம்.

ஐந்தாவது செட் பதினைந்து புள்ளிதான். இந்தியா பதினொன்று, கஜகஸ்தான் எட்டு. அங்கிருந்து சரிய ஆரம்பித்தது. பதினொன்று ஒன்பது. பத்து. சமன். ஜெமிமா தூக்கிக் கொடுத்த ஒன்று வலையில் தட்டியது, பன்னிரண்டு அவர்களுக்கு. சாலோமிக்கு ஞாபகம் வந்தது. ஸ்ரீவைகுண்டம். அதே சரிவு, அதே அமைதி. அவள் எழுந்துவிட்டாள்.

"எங்க போற?" என்றாள் ஹமீது பீவி.

"கோவிலுக்கு."

"இப்பமா? பிள்ள அங்கன உயிரக் குடுத்து ஆடிக்கிட்டிருக்கா."

"நான் பாத்தா..." வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். "நான் பாத்தா தோத்துருவா."

சேக் முகம்மது தலையைச் சொறிந்தான். ஹமீது பீவி சிரிக்கவில்லை. "நீ சேக்கு கடையில ஸ்டூல்ல இருக்கது, தாய்லாந்துல இருக்க பந்துக்குத் தெரியுமாக்கும்? கூறு கெட்டவளே, இரு."

அவள் இருந்திருக்கமாட்டாள். கடைப்படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். வெளியே போனால் மகள் ஜெயிக்கக்கூடும். அரை இறுதி, அதற்கப்புறம் இறுதி. சாலோமி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அந்நேரம் ஒரு புள்ளி நமக்குத் திரும்பி வந்தது; திரையில் ஜெமிமா சர்வீஸ் போட, பந்தோடு கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். கேமரா கிட்டப் போனது. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தாள். கண்ணில் பயமில்லை; பசி இருந்தது. ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் கூடத்து அமைதி இந்த முகத்துக்குத்தான் என்று சாலோமிக்கு விளங்கியது. அவள் கால் நகரவில்லை. நின்றபடியே கடைசிப் பந்துவரை பார்த்தாள்.

பதிமூன்று பதினைந்து. தோற்றார்கள்.

வீட்டில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அழுத கண்ணோடு வந்த சாலோமியைப் பார்த்து, "நீ என்ன செய்வ, உன்னால ஆனமட்டும் முழங்கால்ல நின்ன" என்று எஸ்றா ஆறுதல் சொன்னான். அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஜெமிமா. வீடியோவில் கண் சிவந்திருந்தது, துண்டு கழுத்தில் கிடந்தது.

"தோத்துட்டோம்மா."

"தெரியும் மக்கா. பாத்தேன்."

"என்னது?"

"மூணாவது செட்டுல இருந்து முழுசும் பாத்தேன். சேக் முகம்மது கடையில."

கூடத்தில் வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். எஸ்றா வாயைத் திறந்தான். சொல்ல வேண்டிய வார்த்தை அந்த வீட்டில் இல்லாத வார்த்தை.

ஜெமிமா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உங்களுக்கு வாலிபாலே பிடிக்காதுன்னுல்லாம்மா நெனச்சிருந்தேன். ஒரு தடவகூட நீங்க எதுவும் கேட்டதில்ல. சாப்பிட்டியான்னு மட்டும் கேப்பீங்க."

"இப்ப கேக்கேன். அந்த உசரப் பிள்ள பந்த வெளிய அடிச்சாள்லா, அவகிட்ட ஓடிப்போயி என்னட்டி சொன்ன?"

"அத சொல்ல முடியாது. பெரியப்பா பக்கத்துல இருக்காங்க."

சாலோமி சத்தமாகச் சிரித்துவிட்டாள். நாளைக்கு ஐந்தாம் இடத்துக்கான வரிசையில் ஒரு ஆட்டம் இருக்கிறது, நம் நேரத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு என்றாள் ஜெமிமா.

"நாளைக்கு ஞாயிறு. ஆராதனை நேரம்லா" என்றார் வேதநாயகம், யாரையும் பார்க்காமல்.

"விடியக்காலம் முதல் ஆராதனைக்குப் போயிட்டு வந்திருதேன் அத்தான்" என்றாள் சாலோமி. "ஒம்போது மணிக்கு இங்கன இருப்பேன்."

அங்கே யாரோ கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். ஜெமிமா, "வந்துட்டேன்" என்று கத்திவிட்டு போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். அணைக்க மறந்துவிட்டாள். திரையில் ஓர் அறையின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. தூரத்தில் பிள்ளைகளின் பேச்சு, கலைந்த சிரிப்பு, அதற்கு மேலே ஜெமிமாவின் குரல், யாரையோ விரட்டிக்கொண்டிருந்தது. எஸ்றா எழுந்து விளக்கைப் போடப் போனான். சாலோமி அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு, குரல் கேட்கிற மட்டும் போனைக் காதோடு சேர்த்துப் பிடிப்பதும் பிறகு கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவதுமாக நின்றாள்.