லேமினேஷன் போட்ட கார்டு

கார்டு ரீடர் என்றால் கடையில் தேய்க்கிற மிஷின் இல்லை. தீப்பெட்டி சைஸில் ஒரு டப்பா. வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, பேங்க் கார்டை அதற்குள் விட்டு, பின் நம்பர் போட்டால் ஆன்லைனில் பொருள் வாங்கலாம். கார்டு நம்பரை எங்கேயும் டைப் அடிக்க வேண்டாம். ஒரு பேங்குக்காக இதை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடு வீடாக மாட்டிக்கொடுத்தவன் நான். டிரெய்னிங்கில் நாள் முழுக்கத் திருடர்களைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நம்ம ஜனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் டோல்கேட் பக்கம் குடியிருக்கும் கிளாரா அக்காவிடமிருந்து போன். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். போனிலும் அதே ஏலக் குரல்தான்.

"இன்னா நைனா மிசினு குட்த்துட்டுப் போன? கார்டு உள்ளயே பூர மாட்டேங்குது! ஞாயித்துக்கெயமை பொண்ணுக்குக் கண்ணாலம். அவுங்கப்பாவுக்குக் காது மிசினு வாங்கணும். சர்ச்சுல பொண்ணு சம்மதம் சொல்றது அந்த மன்சன் காதுல வுழ வாணாமா?"

அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி விசைப்படகு ஓட்டியவர். இன்ஜின் சத்தத்திலேயே காலம் போய்க் காது மந்தமாகிவிட்டது. டாக்டர் சொன்ன மாடல் ஆன்லைனில்தான் கிடைத்தது. அன்றைக்கே ஆர்டர் போட்டால்தான் கல்யாணத்துக்குள் வரும்.

ஓடினேன். ரீடரில் பச்சை லைட் எரிந்தது, சாஃப்ட்வேரும் சரி. கார்டைக் கேட்டேன். அக்கா பீரோவிலிருந்து எடுத்து வந்தார். ரேஷன் கார்டு மாதிரி, சுற்றிலும் ஓரம் விட்டு, பளபளவென்று லேமினேஷன்!

"யாருக்கா இந்த வேலை பார்த்தது?"

"நான்தான். மீன் தண்ணி பட்டா சிப்பு கலீஜாயிடாது? வூட்ல கீற எல்லா கார்டுக்கும் போட்டுட்டேன்."

என்ன பெருமை! பிளேடால் ஓரத்தை வெட்டி மெதுவாக உரித்தேன். பிளாஸ்டிக் வந்தது. கூடவே சிப்பும் வந்தது.

"அடப்பாவி, கெடுத்தியே!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். புது கார்டு வர வாரக்கணக்கில் ஆகும். அந்தோணி அண்ணன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்து, "இன்னா, வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

கல்யாணப் பெண் ஸ்டெல்லா திரையைக் காட்டினாள். "அண்ணே, கீய கேஷ் ஆன் டெலிவரின்னு கீதே, அதை அமுக்கட்டா?"

பாதுகாப்பான கார்டுப் பரிவர்த்தனையில் பயிற்சி பெற்ற நான், "அமுக்கும்மா" என்றேன்.

'ரீடர் நல்ல நிலையில் உள்ளது, வாடிக்கையாளர் திருப்தி' என்று ரிப்போர்ட் கொடுத்தேன். இரண்டுமே உண்மை. புதிதாக ஃபீல்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: டப்பாவைச் செருகுவதற்கு முன்னால், என்ன வாங்கப்போகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். சில வீடுகளில் நம்ம டப்பாவுக்கு வேலையே இருக்காது.

சனிக்கிழமை காது மிஷின் வந்துவிட்டது. மறுநாள் சர்ச்சில் நானும் இருந்தேன். ஸ்டெல்லா சம்மதம் சொன்னபோது அந்தோணி அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு பந்தியில், பிரியாணியில் உப்பு இல்லை என்று அக்கா சமையல்காரரை ஏலக் குரலில் பிடிபிடியென்று பிடித்தார். அண்ணன் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"கேக்க வேண்டியதக் கேட்டாச்சு தம்பி," என்றார்.