சுண்ணாம்பால எழுதுன பேரு

ஜானகிராமனுக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கல. சாயங்காலம் ஏழு மணிக்கு மவ வீடியோ போன் பண்ணுவா. தனியா பண்ண மாட்டா, அவ பின்னாடி ஒரு வகுப்பே உக்காந்திருக்கும்.

மவ பேரு செந்தமிழ்ச்செல்வி. பேரக் கேட்டா தமிழ் டீச்சருன்னு நெனப்பீங்க. அவ போனதோ அர்ஜென்டினா. காலேஜுல ரெண்டே பேரப் பொறுக்கி ஆறு மாசப் படிப்புக்கு அனுப்புனாங்க, அதுல இவ ஒருத்தி. ஜனங்க எப்பிடி ஒண்ணா கூடி நாயம் கேட்டாங்க, ஊர்வலம், வேலநிறுத்தம், இதான் படிப்பு. அதோட ஸ்பானிஷ் பாஷையும் தேத்திக்கணும். "இத்தன வருஷம் பிரெஞ்சு படிச்சிட்டு பிரான்சுக்குப் போவாம எங்கடி போற?"ன்னு உழவர்கரையில அவங்க தெருவே கேட்டுச்சி. "பிரெஞ்சு தெரிஞ்சா ஸ்பானிஷ் பாதி வந்த மாதிரி"ன்னுட்டு ஏறிப் போயிட்டா.

போன மாசம் சொன்னா: "அப்பா, அவங்கவங்க ஊரு போராட்டத்தப் பத்தி எழுதணுமாம். நான் ஒன் மில்லு ஸ்ட்ரைக்க எழுதறேன். நாப்பத்தோரு நாளு கேட்டுல நின்னியே, அத நீயே வகுப்புல சொல்லு. நான் ஸ்பானிஷ்ல மாத்திச் சொல்றேன்."

நாப்பத்தோரு நாளு. சின்னதுல அவளத் தூங்க வெக்க இவரு சொன்ன கத. கஞ்சித்தொட்டி வெச்சது, போலீசு வந்தப்ப பொம்பளைங்க ரோட்ட மறிச்சி உக்காந்தது, எல்லாம் நெசம். ஒண்ணுதான் நெசமில்ல. இவரு நின்னது இருவத்தாறு நாளு.

இருவத்தேழாம் நாளு ஊரே பந்த். மழ வேற ஊத்துது. மூத்தவன் ராஜ்கமல் அப்ப மூணு மாசக் கொழந்த. மாருல சளி கட்டிக்கிட்டு மூச்சு இழுக்குது, ஒதடு நீலமாயிட்டுது. ஆட்டோ இல்ல, பஸ்ஸு இல்ல. ஊருக்குள்ள ஓடுனது மில்லு மெட்டாடர் வண்டி ஒண்ணுதான். டைம் ஆபீசு ஆளு சொன்னான், "உள்ள வந்து கையெழுத்துப் போட்டுட்டு மிஷின்ல நில்லு. வண்டி இப்பவே ஒன் வூட்டுக்குப் போவும்." போட்டாரு. பொண்டாட்டி தனக்கொடி புள்ளய மாரோட அணைச்சிக்கிட்டு அந்த வண்டியில ஆசுபத்திரிக்குப் போனா. புள்ள பொழச்சான். இவரு உள்ள ஷிப்டு பாத்தாரு.

அந்த மில்லுல ஒரு வழக்கம் இருந்துச்சி. ஸ்ட்ரைக்கு நேரத்துல உள்ள போனவன் பேர வெளிச் செவுத்துல சுண்ணாம்பால எழுதிடுவாங்க, ஆளு உசரத்துக்கு. மறுநா காத்தால 'கருங்காலி ஜானகிராமன்'னு இருந்துச்சி. எழுதுனது பக்கிரி, பக்கத்து மிஷின்காரரு. அப்பறம் மில்லையும் மூடிட்டாங்க, செவுத்தையும் இடிச்சிட்டாங்க. செல்வி அதுக்குப் பின்னாடி பொறந்தவ. சுண்ணாம்பு வழக்கம் அவளுக்குத் தெரியும், அதுல அப்பன் பேரு இருந்தத யாரும் அவகிட்ட சொல்லல. பக்கிரியும் சொல்லல. ஆனா அதுக்கப்பறம் அவரு இவரு வூட்டுப் படி ஏறுனதில்ல.

அன்னைக்கு ஆறே முக்காலுக்கு அந்தப் பக்கிரியே வந்து நின்னாரு. வெளுத்த வேட்டி, அக்குள்ல கொடை.

"என்னா பாக்குற? ஒன் மவதான் போன் பண்ணி 'நீங்களும் வந்து சொல்லுங்க பெரிப்பா'ன்னா. அவ கூப்புட்டா, வந்தேன்."

தனக்கொடி நாற்காலியத் தொடச்சிப் போட்டா. சமையக்கட்டுல புருஷன இழுத்து வெச்சி, "அந்தாளு வாயத் தொறந்தா என்னாங்க பண்றது? அங்க அவ்ளோ பேரு முன்னாடி நம்ம பொண்ணு தல குனிஞ்சிடுவா"ன்னா.

"தெரியல."

"நீங்களா எதயும் ஒளறாதீங்க, அது போதும்."

முந்தின நாளுதான் ராஜ்கமல் பொண்டாட்டி துர்கா தவளக்குப்பத்துத் தாய் வூட்டுலேர்ந்து பேரனத் தூக்கிக்கிட்டு வந்திருந்தா. மூணு மாசம் முடிஞ்ச புள்ள. என்னா புள்ள! ரெண்டு கன்னமும் பேக்கரி பன்னு மாதிரி உப்பிக்கிட்டு, பொக்க வாயால சிரிச்சான்னா பாக்குறவங்களுக்கு வேல வெட்டி ஓடாது. வெற்றிவேலுன்னு பேரு. ஜானகிராமன் மடியில படுத்துக்கிட்டு அவரு வெரலப் புடிச்சி சப்பிக்கிட்டிருந்தான்.

"அப்பன அப்பிடியே உரிச்சி வெச்சிருக்கான்"னாரு பக்கிரி.

ஏழு மணிக்கு போன் வந்துச்சி. அங்க காலையாம். செல்வி மூஞ்சில அப்பிடி ஒரு பெரும. பின்னாடி இருவது புள்ளைங்க, வெள்ளமுடி வெச்ச ஒரு டீச்சரம்மா. மொதல்ல அண்ணன் மவனக் காட்டச் சொல்லிக் கொஞ்சுனா. அப்பறம் இவரு ஒவ்வொண்ணா சொல்ல, அவ மடமடன்னு ஸ்பானிஷ்ல சொன்னா. கஞ்சித்தொட்டிக்கு அவங்க கையத் தட்டுனாங்க. பொம்பளைங்க ரோட்ட மறிச்சதுக்கு எழுந்து நின்னு தட்டுனாங்க. தட்டத் தட்ட இவருக்கு முதுவெல்லாம் வேர்த்துச்சி.

அப்ப ஒரு தாடிக்காரப் பையன் என்னமோ கேட்டான். அதுல 'கர்னேரோ'ன்னு ஒரு சத்தம் வந்துச்சி. ஜானகிராமனுக்குத் திக்குன்னுது. ரெண்டு வாரம் முன்னாடிதான் செல்வி சொல்லியிருந்தா: "அப்பா, நம்ம கருங்காலிய இங்க கர்னேரோம்பாங்க. ஆட்டுக்கடாவாம்!" அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு இவருக்கு நெஞ்சுல மரச் சிலாம்பு ஏறுன மாதிரி நின்னுடுச்சி.

"அப்பா, யாராச்சும் உள்ள போனாங்களா, அவங்கள என்னா பண்ணீங்கன்னு கேக்குறான். நல்லா சொல்லு. சுண்ணாம்பு கத சொல்லு."

பக்கிரி இவரு பக்கம் திரும்புனாரு. தனக்கொடி முந்தானைய வாயில வெச்சிக்கிட்டா. மடியில பேரன் ஒரு இருமல் இருமுனான். சும்மா, பால் கக்குறதுக்கு முந்தி வர்ற இருமல். இவரு கையி தானா அவன் மாருமேல போயிட்டுது.

"செல்வி, எழுதுனாங்க. அதுல எம்பேரும் இருந்துச்சி."

"என்னாப்பா?"

"நான் இருவத்தாறு நாளுதான் நின்னேன். அப்பறம் உள்ள போனேன். ஒங்கண்ணனுக்கு மூச்சு முட்டுச்சி, மில்லு வண்டி வேண்டியிருந்துச்சி. கையெழுத்துப் போட்டேன். நான்தான் கருங்காலி. அவங்ககிட்ட சொல்லு."

செல்வி சொல்லல. பெரும போயி மூஞ்சி செத்துப் போச்சி. பின்னாடி புள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாக்குது. டீச்சரம்மா என்னமோ மெல்லமா கேட்டாங்க. செல்வி தலைய மட்டும் ஆட்டுனா.

பக்கிரிதான் போனுகிட்ட குனிஞ்சாரு. "சொல்லு பொண்ணே. ஒங்கப்பன் சொன்னத மாத்தாம சொல்லு. எழுதுனது நானு, அதயும் சேத்துச் சொல்லு. கொழந்த சங்கதி எனக்கு எழுதுன மறுநாளே தெரியும். தெரிஞ்சும் அழிக்கல. அதயும் சொல்லு."

அவ சொல்ல ஆரம்பிச்சா. மெதுவா, தட்டுத் தடுமாறி. ஜானகிராமனுக்கு அந்த பாஷையில ஒரே ஒரு வார்த்ததான் தெரியும். அது வருதா வருதான்னு மூச்சப் புடிச்சிக்கிட்டுக் காத்திருந்தாரு. வந்துச்சி. 'மி பப்பா'ன்னா, அது அப்பனத்தான்னு புரிஞ்சிது, கொஞ்ச தூரத்துல 'கர்னேரோ'ன்னா. மவ மறைக்கல.

யாரும் கை தட்டல. போன் கட்டாயிடுச்சி.

தனக்கொடி அழுதா. பக்கிரி கொடைய எடுத்தாரு, திரும்ப வெச்சாரு. "காப்பித் தண்ணி இருக்காம்மா?"ன்னாரு. அவ கண்ணத் தொடச்சிக்கிட்டு அடுப்பு பத்த வெச்சா.

அவரு டம்ளர காலி பண்றதுக்குள்ள போன் திரும்ப அடிச்சிது. செல்வி தனியா இருந்தா, எங்கியோ மாடிப்படியில. கண்ணு செவந்திருந்துச்சி. இந்தத் தடவ அண்ணன் மவனக் காட்டச் சொல்லல.

"பதினெட்டு பக்கம் எழுதியிருக்கேன்ப்பா. அத்தினியும் கிழிக்கணும்."

"கிழிச்சிடும்மா."

"என்னய ஏன் இத்தன வருஷம் ஏமாத்துன?"

அவரு பேரன நெஞ்சோட அணைச்சிக்கிட்டாரு. அவளும் வற்புறுத்தல. மூக்க உறிஞ்சிக்கிட்டு நோட்ட மடியில வெச்சா.

"பெரிப்பா இருக்காரா? அவரும் உக்காரட்டும். அந்த வண்டியிலேர்ந்து சொல்லு. என்னா வண்டி?"

"மெட்டாடரு"ன்னாரு ஜானகிராமன். "வெள்ள கலரு."

"நீலம்டா"ன்னாரு பக்கிரி.

செல்வி எழுத ஆரம்பிச்சா.