இடது கைப் பூச்சு

அல்லா பிச்சை கொத்தனாரின் கோபம் பேச்சில் வராது, வேலையில்தான் தெரியும். திருவாரூருக்குப் பக்கத்தில், மிராசுதார் சாரங்கபாணியின் வீட்டு வெளிச்சுவரில் தான் பூசியதைத் தானே இரண்டு முறை சுரண்டித் தள்ளியிருந்தார்.

அறுபத்தொன்பதாம் வருஷ அறுவடைக்கு வெளியூர் ஆட்களை ஏற்றி வந்த லாரி மோதிப் பெயர்ந்த இடம் அது. சிமெண்ட் கலவையை விசிறியடித்து, முள்முள்ளாய் நிற்கும் சொரசொரப்பான சுவர். அதே மணல்தான் போட்டார். ஆனாலும் ஒட்டுப் போட்டது தெரிந்தது.

மூன்றாவது முறை பூசியபின், சாயங்கால வெயிலில்தான் பிடிபட்டது. பழைய பூச்சின் முட்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, அவருடையவை இடப்பக்கம்.

"என்ன பாய், இன்னும் சேரலையா?" என்றார் சாரங்கபாணி.

"சேராதுங்க. பழசு இடது கையால வீசினது. நம்ம வீரையன் வேலை."

அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு அந்த லாரியை மறித்ததாக, வயல் வேலையும் செய்துவந்த வீரையன் மேல் புகார் கொடுத்தவரே சாரங்கபாணிதான். வீரையன் இப்போது ஜெயிலில் இருந்தான்.

"நீங்களும் இடது கையால வீசிப் பாருங்களேன்."

அல்லா பிச்சை மூன்றாவது பூச்சையும் சுரண்டித் தள்ளிவிட்டுக் கரண்டியைக் கழுவினார்.

"வீரையன் வந்து பூசட்டுங்க. அதுவரைக்கும் செங்கல் தெரியட்டும்."