படியில் ஊற்றிய ஆயில்

வேளச்சேரியில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடப்போன இடத்தில் கழிவு ஆயில் வாடை மூக்கில் ஏறியதும், காரணமே இல்லாமல் மகளை அருகில் இழுத்துக்கொண்டேன்.

அடையாறில் இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில், ஒரு வீட்டு மொட்டைமாடியில், எங்கள் ஜெபக்கூடம் இருந்தது. பாய் விரிக்கும் ஓசையும், மின்விசிறியின் கிறீச்சும், தகரக் கூரைச் சூட்டில் வியர்க்க வியர்க்க அம்மா பாடுவதும்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. ‘மதம் மாத்துற கும்பல்’ என்று கத்திக்கொண்டு ஒரு ஞாயிறு மேலே வந்த நாலைந்து பேர், இருந்த ஒரே படிக்கட்டில் கழிவு ஆயிலைக் கொட்டினார்கள். ஏறி வந்துகொண்டிருந்த அம்மா வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

“இன்னா பாஸ்டரு, உங்க இயேசு வந்து தொடைப்பாரா?” என்று ஒருவன் சிரித்தான்.

“நானே தொடச்சிடுறேன் தம்பி,” என்றார் அப்பா. “வழுக்குது. கையப் புடிச்சிக்கோங்க, பாத்து எறங்குங்க.”

அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான், கீழே கிடந்து முனகிய அம்மாவைத் தாண்டி. அவன்மேல் மட்டுமல்ல, அப்பாமேலும் எனக்கு இன்றும் கொதிக்கிறது. அவருடைய விசுவாசம்தான் என்னுடையதும். மகள் அவரைப்போல வளரவேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். ஆமென் சொல்வதற்குள், வேண்டாம் ஆண்டவரே என்றும் சொல்லிவிடுகிறேன்.